மாலையானால் இமை சரிகிறதா? அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள்

காலையில் தெம்பாக எழுந்தவருக்குப் பொழுது சாயச் சாய இமை தொங்குகிறது. எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிகிறார். சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துபோகிறது. தூங்கி எழுந்தால் மீண்டும் சரியாகிவிடுகிறது. இப்படி வந்து வந்து போவதாலேயே பலர் மருத்துவரிடம் போகத் தாமதிக்கிறார்கள். இது ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்ற தசைபலவீன நோயாக இருக்கலாம்.

உடலுக்குள் என்ன கோளாறு?

நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின், தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டினால்தான் தசை சுருங்கும். கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் இந்த ஏற்பிகளையே தாக்குகின்றன. அதனால் ஒரே தசையை இயக்க இயக்க அது தளர்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுகிறது. தொடு உணர்ச்சி குறைவதில்லை, மரத்துப்போவதும் இல்லை.

யாருக்கு வரும்? தொற்றுமா?

எந்த வயதிலும் வரலாம். 40 வயதுக்குள் பெண்களுக்கும், 60 வயதுக்கு மேல் ஆண்களுக்கும் அதிகம். இது தொற்றாது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நேரடியாக வரும் பரம்பரை நோயும் அல்ல.

எப்படி உறுதிசெய்கிறார்கள்?

நரம்பியல் மருத்துவர் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார். உடல் முழுதும் நோய் பரவியவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்கு இது தெரியவரும். நரம்புத் தூண்டல் பரிசோதனையும், எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடைய தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றறிய நெஞ்சு சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள்.

மருந்து உண்டா?

உண்டு. 1934-இல் லண்டனில் மருத்துவர் மேரி வாக்கர், பைசோஸ்டிக்மின் ஊசியால் நோயாளியின் தசைபலம் சிறிது நேரம் மீள்வதைக் கண்டார். அதே வழியில் செயல்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரைதான் இன்று முதல் மருந்து. விழுங்கச் சிரமப்படுபவர்களைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக இதைப் போட்டுக்கொள்ளச் சொல்வதுண்டு. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, அசதியோபிரின் போன்றவை தரப்படும். சிலருக்குத் தைமஸை அகற்றும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். நோய் அடியோடு நீங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் முறையாகச் சிகிச்சை பெறும் பெரும்பாலோர் வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள். மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது.

காய்ச்சல், சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கலாமா?

கூடாது. ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளும், மெக்னீசியம் ஊசியும், சில ரத்தஅழுத்த மாத்திரைகளும் பலவீனத்தைக் கூட்டலாம். பல் பிடுங்கப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். அதை எழுதிய சீட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

எது அவசரம்?

மூச்சு வாங்குவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாதது, இருமவும் பலமில்லாதது. தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே 108-இல் கொண்டுசெல்லுங்கள். அங்கே இம்யூனோகுளோபுலின் மருந்தோ, பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையோ தந்து காப்பாற்ற முடியும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: காலையில் வேலை செய்தவர் மாலையில் முடியவில்லை என்றால், அது சோம்பல் என்று சொல்லாதீர்கள். அவர் சொல்வதை நம்பி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.