பின்னோக்கி உருளாத எலெக்ட்ரான்

ரயில்வேயில் சேர்ந்த புதிதில், ஒரு யார்டில் சரிவில் நின்ற வேகனின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்களா என்று பார்க்காமலே கையெழுத்திட்டேன். வேகன் பின்னோக்கி உருண்டது. பாயின்ட்ஸ்மேன் ஒருவருக்குக் கால் முறிந்தது. வண்டியை முன்னே செலுத்துவது பாதி வேலைதான். பின்னே வராமல் காப்பது மறுபாதி என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இந்த மறுபாதியைப் பிழையின்றிச் செய்யும் உயிர் ஒன்று உண்டு. அதுதான் ஊதா பாக்டீரியா. வெளிச்சம் புகும், ஆக்சிஜன் புகாத குட்டை நீரிலும் சேற்றிலும் ஒளிச்சேர்க்கை செய்து வாழ்வது. செடிகளைப் போல ஆக்சிஜனை வெளியிடாது. இதில் நம் ஹைதராபாத்துக்கும் பங்கு உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் முதலெழுத்துகளைத் தாங்கிய ‘ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்ட்ஸ் ஓ.யு.001’ என்ற வகை, ஹைட்ரஜன் வாயு தயாரிக்கும் ஆய்வுகளில் துருக்கி வரை பயன்பட்டிருக்கிறது.

ஒளி பட்டதும் பாக்டீரியாவின் பச்சையத்திலிருந்து ஓர் எலெக்ட்ரான் புறப்படுகிறது. அடுத்த நிலையத்தை அடைய அதற்கு ஆகும் நேரம் 3 பைகோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு பைகோ வினாடி! அங்கிருந்து முதல் குவினோனுக்குச் செல்ல சுமார் 200 பைகோ வினாடி. திரும்பி ஓடவும் அதற்கு வழி உண்டு; ஆனால் அதற்கு ஐம்பது மடங்குக்குக் குறையாத நேரம் பிடிக்கும். அதற்குள் எலெக்ட்ரான் முன்னே போய்விடும். இதற்கிடையே சைட்டோகுரோம் என்ற புரதம் வேறோர் எலெக்ட்ரானைக் கொடுத்து, காலியான பழைய இடத்தை நிரப்பிவிடும். பிறகு திரும்ப இடமேது? இதனால்தான் நூறு ஒளித்துகள்களை வாங்கினால் ஏறக்குறைய நூறும் பலன் தருகின்றன.

நமது தென் மத்திய ரயில்வே பிறந்த 1966-ஆம் ஆண்டிலேயே, டிவால்ட், சான்ஸ் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு புதுமையை வெளியிட்டனர். பாக்டீரியாவைக் குளிர்விக்கக் குளிர்விக்க, சைட்டோகுரோம் எலெக்ட்ரானைக் கொடுக்கும் வேகம் குறைந்தது. ஆனால் சுமார் மைனஸ் 170 டிகிரிக்குக் கீழே எவ்வளவு குளிர்வித்தும் மேற்கொண்டு குறையவில்லை. மலையேற வெப்பம் தேவை; எலெக்ட்ரானோ மலையேறாமல், குகைப்பாதையில் செல்லும் ரயில்போல் ஊடுருவிச் செல்கிறது என்று விளங்கியது. இந்தப் பாதையின் அமைப்பைப் படம் பிடித்த டைசன்ஹோஃபர், ஹூபர், மிக்கேல் மூவரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். எலெக்ட்ரான் தாவலுக்குக் கணக்கு வகுத்த மார்கஸ் 1992-இல் பெற்றார்.

டிப்ளமோ படித்த எனக்கு அந்தக் கணக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆனால் நேர அட்டவணை விளங்கியது. முன்னேறும் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு கட்டை. அந்தப் பாயின்ட்ஸ்மேன் கடைசி வரை சற்றுச் சாய்ந்தே நடந்தார். இதைப் படித்த இரவு எனக்கு அவர் நினைவுதான் வந்தது.