வாய்க்கு ஒரு பெயர், ஏட்டுக்கு ஒரு பெயர்

இந்தியப் போர்விமானத்துக்காகப் பெங்களூருவில் வடிவமைக்கப்பட்ட ஜெட் எஞ்சினுக்கு ஆவணங்களில் ஜி.டி.எக்ஸ்.-35வி.எஸ். என்று பெயர், பேச்சில் அது காவேரி. தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கும் வங்கக் கடலின் அகன்ற பரப்புக்கும் மேலே உள்ள வான்வெளிக்கு விமானத்துறைக் குறியீட்டில் வி.ஓ.எம்.எஃப். என்று பெயர், விமானி வானொலியில் அழைக்கும்போது அது சென்னை. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் எதற்கு, வீண் குழப்பம்தானே என்று தோன்றலாம். விமானத்துறை நூறாண்டுக்கும் மேலாகப் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இதற்குள் இருக்கிறது. இங்கே பெயர் என்பது வேலை செய்யும் கருவி. காதில் விழுந்தவுடன் புரிய வேண்டிய பெயருக்கு ஒரு வேலை. ஏட்டில் பதிந்து, தேடி எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பெயருக்கு வேறு வேலை. இரண்டையும் ஒரே பெயரின் தலையில் கட்டினால் இரண்டுமே கெட்டுப்போகும்.

முதலில் வாய்க்கான பெயர். பிரிட்டிஷ் எஞ்சின் நிறுவனங்கள் இதில் ஒரு நல்ல ஒழுங்கைக் கடைப்பிடித்தன: நிறுவனத்துக்கு ஒரு பெயர்க்குடும்பம். ரோல்ஸ் ராய்ஸ் 1915-இல் இயக்கிய முதல் விமான எஞ்சினுக்கு ஈகிள், அதாவது கழுகு என்று பெயர் வைத்தது. பின்னர் வந்த பிஸ்டன் எஞ்சின்களான ஃபால்கன், கெஸ்ட்ரல், பெரெக்ரின் எல்லாம் வேட்டைப் பறவைகளே. ஸ்பிட்ஃபயர் விமானத்தை இயக்கிய மெர்லினை ஆர்தர் மன்னர் கதையின் மந்திரவாதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறிய வல்லூறு ஒன்றின் பெயர். பிரிஸ்டல் நிறுவனம் ஜூப்பிட்டர், பெகாசஸ், ஹெர்குலிஸ் என்று புராணங்களிலிருந்து எடுத்தது. நேப்பியர் டேகர், சேபர் என்று ஆயுதங்களைப் பிடித்துக்கொண்டது. ஆம்ஸ்ட்ராங் சிட்லி முதலில் ஜாகுவார், லிங்க்ஸ், சீட்டா என்று பூனை இனத்து விலங்குகளையும், பிறகு மாம்பா, பைத்தான், வைப்பர் என்று பாம்புகளையும் தேர்ந்தெடுத்தது. பெயரைக் கேட்டவுடனே எந்த நிறுவனத்துச் சரக்கு என்று பணிமனையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தொழில்நுட்பம் மாறியபோது குடும்பமும் மாறியது. ஜெட் எஞ்சின் வந்ததும் ரோல்ஸ் ராய்ஸ் பறவைகளை விட்டு ஆறுகளுக்குப் போனது: வெல்லண்ட், டெர்வென்ட், நீன், ஏவன், ஸ்பே, டிரென்ட். பிஸ்டன் எஞ்சின் வெடிப்புக்கு வெடிப்பு விட்டுவிட்டு உந்துவது. ஜெட் எஞ்சினுக்குள் காற்று இடைவிடாமல் ஆறுபோல ஓடுகிறது. ஒரே சொல்லில் நிறுவனமும் எஞ்சின் வகையும் அடங்கிவிட்டன.

ஏட்டுக்கான பெயரை அமெரிக்க இராணுவம் வேறு வழியில் அமைத்தது. பிஸ்டன் எஞ்சின் காலத்தில் சிலிண்டர்கள் அமைந்த முறைக்கு ஓர் எழுத்தும், சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் ஓர் எண்ணும் சேர்ந்தால் பெயர். பிராட் அண்ட் விட்னியின் 'டபுள் வாஸ்ப்' ஏட்டில் ஆர்-2800: வட்டமாக அமைந்த சிலிண்டர்கள், ஏறத்தாழ 2,800 கன அங்குலம். மெர்லினை உரிமம் பெற்று அமெரிக்காவில் பேக்கார்ட் நிறுவனம் தயாரித்தபோது அதே எஞ்சின் வி-1650 ஆனது. விமானியும் மெக்கானிக்கும் மெர்லின் என்றே பேசினார்கள். கிடங்கில் உதிரிபாகம் கேட்கும் படிவத்தில் வி-1650 என்றே எழுதினார்கள். ஜெட் எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, சிலிண்டர் கொள்ளளவும் இல்லை. எனவே டர்போஜெட்டுக்கு ஜே, டர்போபுராப்புக்கு டி, டர்போஃபேனுக்கு எஃப் என்று எழுத்துகள் வந்தன. பின்னாளில் எண்ணின் தொடக்கமும் ஒரு செய்தி சொன்னது: 100 வரிசை விமானப்படைக்கு, 400 வரிசை கடற்படைக்கு, 700 வரிசை தரைப்படைக்கு. இந்திய விமானப்படையின் தேஜஸ் விமானத்தில் இருப்பது எஃப்404. அமெரிக்கக் கடற்படையின் ஹார்னெட் விமானத்துக்காக உருவான எஞ்சின் என்ற பிறப்புச் சான்று அந்த 4-இல் இன்னும் இருக்கிறது. சோவியத் மரபு எண்ணுக்கு முன்னால் மனிதரை வைத்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து 2017 வரை பறந்த டியூ-142 விமானங்களின் என்.கே.-12 எஞ்சினில் இருப்பவை நிக்கொலாய் குஸ்நெத்சோவ் என்ற வடிவமைப்பாளரின் முதலெழுத்துகள். தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 விமானங்களின் ஏ.எல்.-31 எஞ்சின் அர்கிப் லியூல்காவின் பெயரைத் தாங்குகிறது.

வான்வெளிக்கு வருவோம். உலகின் வான்பரப்பு முழுவதும் வான்தகவல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எஃப்.ஐ.ஆர். என்று துறையினர் சொல்வது இதைத்தான். ஒரு மண்டலத்துக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டு மையத்தின் பெயரையே வைக்க வேண்டும், மையத்துக்கு அருகில் உள்ள நகரத்தின் அல்லது நிலக்கூறின் பெயரை வைக்கலாம் என்பது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. அதனால்தான் இந்தியா மண்டலம், இலங்கை மண்டலம் என்று இல்லாமல் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, கொழும்பு என்று இருக்கின்றன. இதில் ஆழ்ந்த காரணம் உண்டு. மண்டலம் என்பது ஆட்சி எல்லை அல்ல, பொறுப்பு எல்லை. அங்கே பறக்கும் விமானத்துக்குத் தகவல் தருவதும், அது பதில் சொல்லாமல் போனால் தேடலுக்கு எச்சரிக்கை எழுப்புவதும் அந்த மையத்தின் கடமை. இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்கு மேலுள்ள வான்வெளியின் பெரும்பகுதி 2024 மார்ச் வரை சிங்கப்பூர் மண்டலத்தில்தான் இருந்தது. அதற்காகத் தீவுகள் சிங்கப்பூருடையவை ஆகிவிடவில்லை. வட அட்லாண்டிக் கடலின் கிழக்குப் பாதியில் இதே கொள்கை ஒரு புதுப்பெயரையே உண்டாக்கியது. வானொலி நிலையம் அயர்லாந்தில் ஷானன் அருகே, கட்டுப்பாட்டாளர்கள் ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக்கில். இரண்டையும் இணைத்து 'ஷான்விக்' என்றார்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்பதே அந்தப் பெயரின் செய்தி.

அந்தச் செய்தி எவ்வளவு முக்கியம் என்பதை 2014 மார்ச் 8 காட்டியது. மலேசியன் ஏர்லைன்ஸின் எம்.ஹெச்.370 கோலாலம்பூர்க் கட்டுப்பாட்டிலிருந்து ஹோ சி மின் கட்டுப்பாட்டுக்கு மாற வேண்டிய இகாரி என்ற புள்ளியைக் கடந்ததுமே திரையிலிருந்து மறைந்தது. விமானம் எங்கே என்று ஹோ சி மின் மையம் கோலாலம்பூரைக் கேட்டது சுமார் 17 நிமிடங்களுக்குப் பிறகுதான். இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு விமானம் நழுவும்போது ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது. இகாரி போன்ற புள்ளிகளுக்கும் விதி உண்டு: ஐந்தே எழுத்து, எந்த மொழிக்காரரும் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், அதே பெயர் வேறெங்கும் இருக்கக் கூடாது. இரைச்சல் மிகுந்த வானொலியில் தமிழரும் வியட்நாமியரும் பிரேசிலியரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த விதி அது.

இப்படி இரண்டு பெயர் வைப்பதற்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. எஞ்சினின் செல்லப் பெயர் வெறும் விளம்பரம், எண் ஒன்றே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். உலகில் மிக அதிகமாக விற்ற ஜெட் எஞ்சின்களில் ஒன்றான சி.எஃப்.எம்.56 இதற்குச் சான்றாகத் தோன்றும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் சி.எஃப்.6, பிரான்சின் ஸ்னெக்மா நிறுவனத்தின் எம்.56 என்ற இரண்டு திட்டப் பெயர்களைச் சேர்த்து அமைத்தது அது. பறவையும் இல்லை, ஆறும் இல்லை, விற்பனையும் குறையவில்லை. ஆனால் அவ்விரண்டின் கூட்டு நிறுவனம் அடுத்த எஞ்சினைக் கொண்டுவந்தபோது, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரே அசையில் சொல்லும்படி 'லீப்' என்று பெயரிட்டது. விற்பனைக்கு அவசியமில்லை என்று தெரிந்த பிறகும் வாய்க்கு ஒரு சொல் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு நமக்கு நெருக்கமானது. பம்பாய் மும்பை ஆயிற்று, மதராஸ் சென்னை ஆயிற்று, கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று, ஆனால் வி.ஏ.பி.எஃப்., வி.ஓ.எம்.எஃப்., வி.இ.சி.எஃப். என்ற குறியீடுகளில் பி, எம், சி என்று பழைய பெயர்களின் எழுத்துகளே நிற்கின்றன. முதலெழுத்து வி தெற்காசியாவை உள்ளடக்கிய வட்டாரத்துக்கு, இரண்டாவது எழுத்து இந்தியாவின் மேற்கு, தெற்கு, கிழக்குப் பகுதிகளுக்கு. மூன்றாவதில் மட்டும் பழைய காலம். மாற்ற வேண்டாமா? வேண்டாம் என்பதே சரியான விடை. மரியாதை தேவைப்படும் இடம் மனிதர் வாய்விட்டுச் சொல்லும் பெயர். அது மாறிவிட்டது, கட்டுப்பாட்டாளர் இன்று 'சென்னை கண்ட்ரோல்' என்றுதான் பேசுகிறார். குறியீடு உலகெங்கும் உள்ள பயணத் திட்டங்களிலும் விமானக் கணினிகளிலும் பதிந்திருப்பது. அதன் சிறப்பே மாறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. ஒரு பெயர் காலத்தோடு நகரவும், மற்றொன்று அசையாமல் நிற்கவும் இடம் தருவதுதான் இரட்டைப் பெயர் முறையின் பலன்.

காவேரி எஞ்சின் 1989-இல் அனுமதி பெற்றது. அதன் உள்மையப் பகுதிக்கு, காவிரியில் வந்து கலக்கும் துணையாற்றின் பெயரால் கபினி என்று பெயர். பாகத்துக்கும் முழுமைக்கும் உள்ள உறவைச் சொல்ல இதைவிடச் செம்மையான வழி இல்லை. எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்காததால் 2008-இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. தோற்ற எஞ்சினின் பெயரைக் கைவிடுவதே நல்லது என்ற எண்ணம் இதனால் எழலாம். ஆனால் டிரென்ட் என்ற பெயரை ரோல்ஸ் ராய்ஸ் 1940-களிலேயே ஒரு சோதனை எஞ்சினுக்கு வைத்தது; அந்த எஞ்சின் விற்பனைக்கே வரவில்லை. 1980-களின் இறுதியில் அதே பெயரை மீண்டும் எடுத்து, இன்று ஏ350 விமானம் வரை இயக்கும் எஞ்சின் குடும்பத்துக்குச் சூட்டியது. நல்ல பெயர் ஒரு முயற்சியோடு முடிந்துவிடுவதில்லை. இந்தியா அடுத்து உருவாக்கும் எஞ்சின்களுக்கும் ஆற்றுப் பெயர்களையே தொடர்ந்து சூட்டலாம். ஏட்டில் அவற்றின் விசையையும் பயனையும் சொல்லும் ஒழுங்கான எண்வரிசை ஒன்றும் வேண்டும். பணிமனையில் இருப்பவருக்கும் ஆவணக் காப்பாளருக்கும் ஒருசேரப் பயன்படும் பெயர்முறையை வடிவமைப்பதும் பொறியியலின் ஒரு பகுதியே.