பலர் கூடிச் செய்யும் கணக்கு

ஒருவரால் இயலாத பெருங்காரியத்தைப் பலர் கூடிச் செய்தல் இரு வகைப்படும். மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவில் தேரிழுப்பது ஒரு வகை. வடம் பிடித்தோர் அனைவரும் ஒருசேர இழுத்தாலன்றித் தேர் நகராது. சர்வகலாசாலைப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்துவது மற்றொரு வகை. ஒரு கட்டை மதுரையிலும் மற்றொரு கட்டை நெல்லையிலும் திருத்தலாம். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பௌதிக நூலார் தம் பெருங்கணக்குகளை நடத்தும் முறைகளும் இவ்விரண்டையே ஒத்தனவாம்.

முதல் வகைக்கு உதாரணம் நம் நகரிலேயே உண்டு. பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தமது இல்லத்தில் நடத்திவந்த ஆராய்ச்சிக் கூட்டங்களின் பயனாக, 1962ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. அடையாற்றுக்குத் தெற்கே தரமணியிலுள்ள அந்நிறுவனத்தில், 2004ஆம் ஆண்டில் 144 கணிப்பொறிகளை ஒன்றாகப் பிணைத்துக் ‘கப்ரூ’ என்னும் தொகுதியை அமைத்தனர். புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணித்து நிற்கும் விசையை ஆராய்தற்கு, வெளியையும் காலத்தையும் நுண்கட்டங்களாக வகுத்து, அக்கட்டங்களைப் பொறிகளுக்குப் பங்கிடுவர். ஒரு பொறி தன் எல்லைக் கட்டத்தைக் கணக்கிட, அடுத்த பொறியின் விடையைக் கேட்டே தீர வேண்டும். ஆதலின் அவை ஒரே கூடத்தில் நெருங்கியிருத்தல் அவசியமாயிற்று.

இரண்டாம் வகைக்கு உதாரணம் ஜினீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம். அங்குள்ள 27 கிலோமீட்டர் சுற்றளவுடைய வளையம் இயங்குங்கால், புரோட்டான் கூட்டங்கள் வினாடிக்குச் சுமார் 4 கோடி முறை ஒன்றையொன்று குறுக்கிடும். பயனுடையனவெனத் தேர்ந்து காக்கப்படுவன சில ஆயிரமே. ஆயினும் நாளடைவில் அவையும் ஒரு நிலையத்தில் அடங்காதவாறு பெருகுகின்றன. நற்காலமாக, ஒவ்வொரு மோதலும் தனித்ததொரு விடைத்தாள் போன்றது. எனவே முதற்பிரதியைச் செர்ன் வைத்துக்கொள்ள, மறுபிரதி வேறு பெருநிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவற்றினின்று, சுமார் 40 நாடுகளில் பரவியுள்ள 150க்கு மேற்பட்ட நிலையங்கள் தத்தம் பங்கைப் பெறுகின்றன. இவ்வமைப்பைக் ‘கிரிட்’ என்பர். நம் நாட்டில் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், கொல்கத்தாவிலுள்ள சைக்ளோட்ரான் நிலையமும் இத்தொண்டில் ஈடுபட்டுள்ளன.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. விவரக் குவியல் ஆராய்வோரிடம் வருவதில்லை. ஆராய்வோர் எழுதிய கட்டளையே விவரம் இருக்குமிடம் செல்லும். எக்கட்டு எவ்விடத்துளது என்பதைப் பட்டியல் காட்டும். கேட்பவர் உரியவரா என்பதை அடையாளச் சான்று காட்டும். முடிவில் விடை மட்டும் திரும்பி வரும்.

இதனால் விளையும் நன்மை பெரிது. முன்னர்க் கருவி எந்நாட்டிலோ, பெரும்பாலும் ஆராய்ச்சியும் அந்நாட்டில்தான். இன்றோ, அடையாற்றையடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து சி.எம்.எஸ். என்னும் சோதனையில் பங்குகொள்ளும் மாணவர், ஜினீவா மாணவர் ஆராயும் அதே மோதல்களை ஆராய்கிறார். 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகளும் இவ்வாறு பல நாட்டார் கூடித் தேடிக் கண்டதேயாம்.

ஆயினும் உரிமையோடு கடமையும் உண்டு. தன்பால் ஒப்படைத்த பங்கை ஒரு நிலையம் பழுதுற விடுமாயின், அதனை நம்பித் தொலைதேசத்தார் அனுப்பிய வேலைகளும் தடைப்படும். பொறிகளை இரவு பகலாகக் காத்துநிற்போரின் பெயரைச் செய்தித்தாள்கள் கூறுவதில்லை. எனினும் கண்டுபிடிப்பில் அவர்க்கும் பங்குண்டு. பௌதிகம் பயிலும் நம் மாணவர்கள், சமன்பாடுகளோடு இத்தொண்டினையும் ஒரு வித்தையாகக் கருதிப் பயில்வாராக.