தரகோனாவின் மனிதக் கோபுரங்கள்

ஸ்பெயினின் கட்டலோனியாவிலே, மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள பழம்பெரும் நகரம் தரகோனா. ஏப்ரல் 23 அன்று அங்கே புத்தகமும் ரோஜாப்பூவும் பரிசளிப்பார்கள். ஜூன் 23 இரவு தீ மூட்டி, வெடி கொளுத்துவார்கள். ஆனால் நகரமே காத்திருப்பது செப்டெம்பரில் வரும் புனித தெக்லா பெருவிழாவுக்குத்தான்.

அப்போது ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி, எட்டு, ஒன்பது அடுக்குக் கோபுரம் எழுப்புவார்கள். படத்தில் பார்க்கவே எனக்குக் கால் கூசியது. கீழே நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்று தாங்குவார்கள். மேலிருந்து விழுபவருக்கு மெத்தையும் அவர்களே. உச்சிக்கு ஏறிக் கையுயர்த்துவது ஒரு சிறுபிள்ளை. 2006இல் வேறொரு கட்டலோனிய நகரில் விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன்பின் பிள்ளைகள் தலைக்கவசம் அணிகிறார்கள். குலையாமல் இறங்கினால்தான் முழு வெற்றி.

முன்பு இது ஆண்களின் வேலை. 1980களில்தான் பெண்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். மேலடுக்குகளில் பாரம் குறைந்தது, கோபுரங்களும் உயர்ந்தன.