உள்ளரங்க வான்குதிப்பு

இன்டோர் ஸ்கைடைவிங் எனப்படும் உள்ளரங்க வான்குதிப்பு என்பது, விமானமோ பாராசூட்டோ இல்லாமல், செங்குத்தான காற்றுச் சுரங்கத்தில் மேல்நோக்கி வீசும் காற்றின் மீது உடலை மிதக்கவிடும் விளையாட்டாகும். வான்குதிப்பு வீரர்களுக்கான பயிற்சி முறையாகவும் இது பயன்படுகிறது. சுரங்கத்தில் மிதப்பவர் எடையை இழந்துவிடுகிறார் என்ற தவறான கருத்து உண்டு. உண்மையில் புவியீர்ப்பு விசை அங்கும் மாறாமல் இருக்கிறது. உடலின் எடையைக் காற்று தாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

ஆடிக்காற்றும் சுரங்கக் காற்றும்

"ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் திருப்பூர் மாவட்டத்தை அடைகிறது. உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் வட்டாரங்களில் உள்ள காற்றாலைகள் இக்காற்றை நம்பி நிறுவப்பட்டவை. காற்றாலையின் இறக்கைகளைச் சுழற்றும் இக்காற்று ஆளைத் தூக்குவதில்லை. அது பக்கவாட்டில் வீசுவது ஒரு காரணம். அதன் வேகம் போதாது என்பது மற்றொரு காரணம்.

காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்காகும். 5 மடங்கானால் 25 மடங்காகும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் குப்புறப் படுத்த நிலையில் மிதக்க, மணிக்கு 180 கி.மீ., அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று தேவை என்று கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதே உடலின் மீது கீழிருந்து வீசினாலும், 70-இல் 25-இல் ஒரு பங்கான 2.8 கிலோவை மட்டுமே தாங்கும்.

சுரங்கத்தின் அமைப்பு

பெரும்பாலான சுரங்கங்களில் மின்விசிறிகள் மேற்பகுதியில் இருந்து காற்றை இழுக்கின்றன. காற்று பக்கவாட்டுக் குழாய்கள் வழியாகக் கீழிறங்கி, குறுகும் பாதையில் வேகம் பெற்று, பறக்கும் அறைக்குள் மேல்நோக்கிப் பாய்கிறது. அறைக்கு மேலே பாதை மீண்டும் அகலமாவதால் காற்றின் வேகம் குறைகிறது. எனவே மேலே எழும்புபவர் விசிறி வரை இழுக்கப்படுவதில்லை. அறையின் அடியில் எஃகுக் கம்பி வலை உண்டு. மின்சாரம் தடைபட்டாலும் விசிறிகள் உடனே நிற்காமல் மெல்ல வேகம் குறையும். மிதப்பவர் வலையின் மீது இறங்கிவிடுவார்.

உடலும் உடையும்

இங்கு உடலே சுக்கான். கால்களை நீட்டினால் உடல் முன்னே நகரும். முழங்காலை மடக்கிக் கைகளை முன்னே நீட்டினால் பின்னே நகரும். காற்றில் படும் பரப்பு கூடினால் மேலே எழும்பும், குறைந்தால் கீழிறங்கும். காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் பயிற்சியாளர் கைச்சைகையால் வழிகாட்டுவார். இரண்டு விரல்களை நீட்டினால் "காலை நீட்டு" என்றும், மடக்கினால் "காலை மடக்கு" என்றும் பொருள்.

உடையும் பறக்கும் வேகத்தை மாற்றும். தொளதொளப்பான உடை அதிகக் காற்றைத் தடுப்பதால் குறைந்த வேகத்திலேயே மிதக்கலாம். உடலோடு ஒட்டிய உடைக்குக் கூடுதல் வேகம் தேவை. துணியின் தன்மையும் முக்கியம். திருப்பூரின் பனியன் துணி கண்ணிகளால் பின்னப்படுவதால் காற்று எளிதில் ஊடுருவும். வியர்வை உலர இது நல்லது. காற்றைத் தடுக்க நெருக்கமாக நெய்த துணியே ஏற்றது.

வரலாறு

காற்றுச் சுரங்கங்கள் முதலில் விமான மாதிரிகளைச் சோதிக்கவே பயன்பட்டன. 1964-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் ஜாக் டிஃபனி செங்குத்துச் சுரங்கத்தில் பறந்தார். பின்னர் கனடாவின் ஜான் சான்-ஜெர்மான் இதைப் பொதுமக்களுக்கான பொழுதுபோக்காக வளர்த்தெடுத்தார். முதல் உலக உள்ளரங்க வான்குதிப்புப் போட்டி 2015-இல் பிராகா நகரில் நடைபெற்றது. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் 5 மீட்டர் அகலமுள்ள சுரங்கம் 2011-இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் ஹைதராபாத் நகரை ஒட்டிய கண்டிப்பேட்டையில் இத்தகைய சுரங்கம் உள்ளது.

பயனும் எல்லையும்

விமானத்தில் இருந்து சுமார் 13,000 அடி உயரத்தில் குதிப்பவருக்கு, பாராசூட் விரியும் முன் கிடைப்பது ஏறத்தாழ 1 நிமிடமே. சுரங்கத்தில் 10 நிமிடம் பயில்பவர் ஏறக்குறைய 10 குதிப்புகளுக்கு ஈடான மிதக்கும் நேரத்தைப் பெறுகிறார். தவறு நேர்ந்தால் அருகிலேயே பயிற்சியாளரும் கீழே வலையும் உண்டு.

ஆபத்து அறவே இல்லை என்று கூற முடியாது. வேகக் காற்றில் விரிந்த கைகள் தோள்மூட்டை இழுப்பதால், முன்பு தோள் விலகியவர்களும் கர்ப்பிணிகளும் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. மேலும், உயரத்தைக் கணித்தல், உரிய நேரத்தில் பாராசூட்டை விரித்தல், தரையிறங்குதல் ஆகியவற்றைச் சுரங்கம் கற்றுத்தராது. சுரங்கத்தில் தேர்ந்தவரும் விமானத்தில் இருந்து குதிக்கும் முன் இவற்றைத் தனியே கற்றாக வேண்டும்.