சாவித்துவாரம் வழியே ஒரு தையல்

நிறையத் தண்ணீர் குடித்த நாளில் மட்டும் ஒரு பக்க விலாவுக்குக் கீழே வலி எடுக்கும், வாந்தி வரும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வாயு என்று பூண்டுப்பால் குடித்து வருடக்கணக்கில் சமாளிப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்குக் கோளாறு சிறுநீரகத்தின் வாசலில் இருக்கிறது.

சிறுநீர் முதலில் ஒரு புனல் வடிவப் பையில் சேர்கிறது. அங்கிருந்து 25–30 செ.மீ. நீளக் குழாய் வழியே மூத்திரப்பைக்குப் போகிறது. குழாயின் தசை அலையலையாகச் சுருங்கி அதைத் தள்ளுகிறது; நாம் படுத்தே கிடந்தாலும் சிறுநீர் இறங்குவது அதனால்தான். புனல் பையும் குழாயும் சேருமிடத்தில் பிறவியிலேயே தசை சரியாக அமையாவிட்டால் அந்த அலை அங்கே அறுந்துவிடும். சிலருக்குக் குறுக்கே ஓடும் ரத்தக்குழாய் ஒன்று அந்த இடத்தை அழுத்தும். தேங்கிய நீரில் பை உப்ப உப்ப, சிறுநீரகத்தின் சதை மெலிந்துகொண்டே போகும்.

உப்பியதெல்லாம் அடைப்பு அல்ல. கருவிலேயே ஸ்கேனில் தெரியும் வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானாக வடிந்துவிடுகிறது. அதனால்தான் முதலில் ரீனோகிராம் எடுக்கிறார்கள். கதிரியக்க மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி, சிறுநீரைப் பெருக்கும் ஊசியும் போட்டு, வடியும் வேகத்தைப் பார்க்கிறார்கள். பாதி மருந்து வடிய 20 நிமிடத்துக்கு மேல் ஆனால் அடைப்பு என்ற சந்தேகம் வலுக்கும்.

அடைப்பு உறுதியானால் அறுவை தேவைப்படலாம். கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைப்பது, 1949-இல் இங்கிலாந்தின் ஆண்டர்சனும் ஹைன்ஸும் வெளியிட்ட முறை. அதற்கு விலாவில் நீளமாகக் கீற வேண்டியிருந்தது. 1993-இல் அதே வேலை லேப்ராஸ்கோப்பிக்கு வந்தது. கார்பன் டை ஆக்சைடால் வயிற்றை உப்பவைத்து, மூன்று நான்கு சிறு துளைகள் வழியே கருவிகள் உள்ளே போகின்றன.

துளை போடுவது பெரிய வித்தை இல்லை; தையல்தான் வித்தை. கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். குழாயின் குறுகிய வாயை அப்படியே தைத்தால் தழும்பு சுருங்கி மறுபடி அடைக்கும். ஆகவே பக்கவாட்டில் கீறி, வாயை அகலமாக்கித் தைக்கிறார்கள். குறுக்கே ஓடும் ரத்தக்குழாயை வெட்டக் கூடாது, வெட்டினால் அது ஊட்டும் பகுதி செத்துவிடும். சிறுநீர்க் குழாயைத்தான் அந்த ரத்தக்குழாயின் முன்பக்கம் கொண்டுவர வேண்டும். டாக்டர் இயக்க, கருவிகளைப் பிடிக்கும் ரோபோ இந்தத் தையலில்தான் தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது, அந்தச் சம்பளம் அதிகம் என்றாலும்.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். தையல் ஆறும்வரை, இரு முனையும் சுருண்ட டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் நாலு முதல் ஆறு வாரம் உள்ளே இருக்கும். அடிக்கடி மூத்திரம் முட்டும், போகும்போது முதுகில் சுள்ளென்று இழுக்கும். பழைய வலி நின்றுவிட்டதே என்று ஸ்டென்டை எடுக்க வராமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்டென்டின்மேல் கல் படியும். அதை எடுக்கத் தனியாக ஓர் ஆபரேஷன் தேவைப்படலாம்.