உருத்திரித்துப் பொருத்துதல்: குழாய் உள்ளுறையிடலில் தற்காலிகத் திரிபின் பயன்பாடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளைத் தற்காலிகமாக உருத்திரித்து, உரிய இடத்தில் அமர்த்தி, பின்னர்த் தன்னுருவுக்கு மீளவிடுவதால் இறுக்கமான பொருத்தம் கிடைக்கிறது. திரிந்த உருவை வேலை முடியும்வரை பிடித்துவைப்பது எது என்னும் வினாவைக் கொண்டு இம்முறைகளைப் பிரித்தறியலாம் என்பதை, குழாய் உள்ளுறையிடலை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உருத்திரிபு, மீட்சிமை, பாகுமீட்சிமை, உள்ளுறைக் குழாய், வடிவ நினைவு உலோகக்கலவை

முன்னுரை

கண்ணாடி வளையல் வளைந்து கொடுக்காது. ஆகவே கைதான் கொடுக்க வேண்டும். வளையல் விற்பவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளை நெருக்கிப் பிடித்துக் கையின் சுற்றளவைச் சில நொடிகளுக்குக் குறைக்கிறார். வளையல் முட்டிகளைத் தாண்டியதும் கை பழைய அளவை அடைகிறது. வளையல் தானாகக் கழன்று விழுவதில்லை. ஒட்டுப்பசையோ ஆணியோ இன்றி இரண்டு பொருள்களை இணைக்கும் பொறியியல் முறைகள் பலவற்றுக்கு இதுவே அடிப்படை.

பள்ளிப் பாடநூல்கள் ஒரு பொருளின் உருவை மாற்றும் விசையை ‘உருக்குலைக்கும் விசை’ என்கின்றன. ‘குலைதல்’ அழிவை உணர்த்தும் சொல். மீள வேண்டும் என்ற நோக்குடனேயே செய்யப்படும் மாற்றத்துக்கு அது பொருந்தாது. ஆதலால் இங்கு ‘உருத்திரிபு’ என்னும் சொல் ஆளப்படுகிறது. அளவீட்டுப் பொருளில் ‘திரிபு’ ஏற்கெனவே வழங்கி வருவதால் அதனோடும் இது இயைந்து நிற்கும்.

வெப்பம் பிடித்துவைக்கும் திரிபு

மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர வட்டைக்கு இரும்புப் பட்டை ஏற்றும் முறை பலரும் அறிந்ததே. பட்டையின் உட்சுற்றளவு சக்கரத்தின் வெளிச்சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். 1.5 மீட்டர் விட்டமுள்ள பட்டையின் வெப்பநிலையை 400 பாகை செல்சியசு உயர்த்தினால், இரும்பின் வெப்ப விரிவுக் கெழுவின்படி அதன் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரும் சுற்றளவு 22 மில்லிமீட்டரும் கூடும். இவ்விடைவெளியே பட்டையை ஏற்றப் போதுமானது. நீரூற்றியதும் பட்டை சுருங்கி, வட்டையையும் ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி நெருக்குகிறது. இங்கே திரிபைப் பிடித்துவைப்பது வெப்பம். அது தணிவதற்குள் வேலை முடிய வேண்டும். கொல்லர் பட்டறையின் பரபரப்புக்குக் காரணம் இதுதான்.

இழுவிசை பிடித்துவைக்கும் திரிபு

நகரங்களின் சாலைகளுக்கு அடியில் கிடக்கும் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களைத் தோண்டியெடுத்து மாற்றுவது பெருஞ்செலவு. எனவே அவற்றுக்குள்ளேயே பாலிஎத்திலீன் குழாயை உள்ளுறையாக இடும் முறைகள் தோன்றின. அவற்றுள் 1980களில் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனம் உருவாக்கிய சுவேஜ்லைனிங் இங்கு விரிவாக நோக்கத்தக்கது.

இம்முறையில் உள்ளுறைக் குழாயின் வெளிவிட்டம் பழைய குழாயின் உள்விட்டத்தைவிடச் சிறிதளவு பெரிதாகவே தெரிவு செய்யப்படுகிறது. அதைக் கூம்பு வடிவ அச்சுவளையம் ஒன்றின் வழியே இழுவைப்பொறியால் இழுக்கும்போது விட்டம் ஏறத்தாழ 10 விழுக்காடு வரை குறைகிறது. குறைந்த உருவிலேயே அது பழைய குழாயின் மறுமுனை வரை செல்கிறது. இழுவிசையைத் தளர்த்தியதும் உள்ளுறை விரிந்து பழைய சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

பொற்கொல்லரும் கம்பியைத் துளைத்தகட்டின் வழியே இழுத்தே மெல்லிதாக்குகிறார். செயல் ஒன்றே, விளைவு நேரெதிர். பொன்னில் அணு அடுக்குகள் வழுக்கிச் சென்று புதிய இடத்தில் நிலைகொள்கின்றன; கம்பி ஒருபோதும் பழைய பருமனுக்கு மீளாது. பாலிஎத்திலீனிலோ நீண்ட மூலக்கூற்றுத் தொடர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழுக்கும்போது அவை நீள்கின்றன; விட்டதும் மெல்லச் சுருள்கின்றன. ‘மெல்ல’ என்பது முக்கியம். மீட்சியின் ஒரு பகுதி உடனே நிகழும். எஞ்சியது பல மணி நேரம் தொடரும். காலத்தைச் சார்ந்த இப்பண்பே பாகுமீட்சிமை. ஒரு பகுதி மீளாமலே நின்றுவிடுவதும் உண்டு. தொடக்க விட்டத்தைச் சற்றுப் பெரிதாக வைப்பதன் காரணமும் அதுவே.

களப்பணியின் விதிகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன. இழுவை நடுவில் தளர்ந்தால் குழாய் பாதிவழியில் விரிந்து சிக்கிக்கொள்ளும். விட்டம் மீளும்போது நீளம் குறையும் என்பதால் இரு முனைகளிலும் மிகைநீளம் விட வேண்டும். மீட்சி அடங்குமுன் அதை வெட்டலாகாது.

இவ்வளவு முயற்சிக்கு ஈடாகக் கிடைப்பதைக் கணக்கிட்டுக் காட்டலாம். உள்விட்டம் 300 மில்லிமீட்டர் கொண்ட, துருவேறிய நீர்க்குழாய் ஒன்றைக் கொள்வோம். ஏசன்–வில்லியம்சு சமன்பாட்டில் அதன் கெழு 80, பாலிஎத்திலீனின் கெழு 150 என்க. 250 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 10 மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாயைத் தளர்வாக உள்ளே செருகினால், அதே அழுத்தச் சரிவில் பழைய ஓட்டத்தின் 93 விழுக்காடே கிடைக்கும். 11.5 மில்லிமீட்டர் சுவருள்ள உள்ளுறை இறுகப் பொருந்தினால் உள்விட்டம் 277 மில்லிமீட்டராக நின்று, ஓட்டம் பழையதைப்போல் ஒன்றரை மடங்காகும்.

நீரழுத்தத்துக்குக் காத்திருக்கும் திரிபு

ரோல்டவுன் என்னும் முறையில் உருளைகள் குழாயை நெருக்கிச் சிறிதாக்குகின்றன. இங்கு இழுவிசையின் துணையின்றியே சிறுத்த உரு நெடுநேரம் நிற்கிறது. உள்ளே நீரழுத்தம் கொடுத்தே விரிக்கின்றனர். மெல்லிய சுவருள்ள குழாய்களை நெடுக மடித்து, பட்டைகளால் கட்டி உள்ளே செலுத்தி, நீரழுத்தத்தால் கட்டுகளை அறுத்து விரிப்பதும் உண்டு. 1971இல் எரிக் உட் லண்டனின் ஹாக்னிப் பகுதிச் சாக்கடையில் செய்துகாட்டிய பிசின் தோய்ந்த துணிக்குழாய் முறையை இவற்றோடு சேர்த்தெண்ணுவது பொருத்தமன்று. அங்கே மீள்வதற்குப் பழைய உரு ஏதுமில்லை. குழாய்க்குள் அழுத்தப்பட்ட நிலையில் பிசின் இறுகிக் கெட்டியாகிறது, அவ்வளவே.

குளிர் பிடித்துவைக்கும் திரிபு

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்டறிந்த நிக்கல்–டைட்டானியக் கலவையான நிட்டினால், வண்டிப்பட்டையின் தலைகீழ் வடிவம் எனலாம். எஃப்-14 போர்விமானத்தின் நீரியல் குழாய்களை இணைக்க ரேகெம் நிறுவனத்தின் இணைப்பு வளையங்கள் பயன்பட்டன. குழாயைவிடச் சிறிய உள்விட்டத்துடன் கடையப்பட்ட வளையம் −196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனில் குளிர்விக்கப்பட்டு, அந்நிலையில் விரிக்கப்படும். குழாய் முனைகளின்மேல் செருகியதும் அறையின் வெப்பமே போதும். படிக அமைப்பு பழைய நிலைக்குத் திரும்ப, வளையம் சுருங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும்.

பறக்கும் உயரத்துக் குளிரில் பிடி தளராதிருக்க, உருமாறும் வெப்பநிலை அதைவிட மிகத் தாழ்வாக அமைய வேண்டும். அதனால் விரித்த வளையங்களைப் பொருத்தும் நொடிவரை திரவ நைட்ரஜனிலேயே சேமிக்க வேண்டியிருந்தது. பணிமனைகளுக்கு இது பெருந்தொல்லை. பின்னர் நயோபியம் சேர்த்த கலவைகள் இதைத் தீர்த்தன. அவற்றில் விரித்த வளையம் சூடாக்கும்வரை மீள்வதில்லை. சாதாரணப் பெட்டியில் அடைத்து அனுப்பலாம்.